விரிசலின் மேல் ஒட்டிய கண்ணாடி

1962 மார்ச் 29, வியாழக்கிழமை. அன்றைய நாட்குறிப்பில் முதலில் இருப்பவை வழக்கமான விஷயங்கள்தாம். விடியுமுன் எழுந்தேன். கொள்ளிடத்தில் குளியல்; பங்குனியாதலால் மணலில் நடைதான் அதிகம், தண்ணீர் முழங்காலுக்கு மேல் இல்லை. திரும்பும்போது கோயில் யானையின் மணிச்சத்தம் கேட்டது. மனைவி தயிர்சாதமும் நார்த்தங்காயும் கட்டித் தந்தாள். ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சிக்குப் போய் ஆபீசில் கையெழுத்துப் போட்டேன். காட்டூரிலிருந்து வந்து வாசலில் காத்திருந்த கொத்தனார் அருளப்பனை அழைத்துக்கொண்டு துறையூர் பஸ் ஏறினேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.

இதில் விசேஷமாக எதுவும் இல்லை என்பதற்காகவே இவ்வளவும் சொல்கிறேன். பெரிய முடிவு எடுக்க வேண்டிய நாள் என்று நம் வேலையில் தனியாக ஒரு நாள் விடிவதில்லை.

பழைய கோயில்களையும் இடிபாடுகளையும் பராமரிக்கும் இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக, இதில் ஓவர்சீராக இருந்த நான் இதை எழுதுகிறேன். சுண்ணாம்பை எப்படிப் புளிக்க வைப்பது, பழைய கட்டுக்கு எந்தக் கலவை பொருந்தும் என்பதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. அவற்றை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. கையில் உத்தரவு இல்லை, பக்கத்தில் மேலதிகாரி இல்லை, பொழுதும் சாய்கிறது. அப்போது என்ன செய்வது என்பதற்குப் புத்தகம் கிடையாது. அப்படி ஒரு பொழுதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

உப்பிலியபுரத்தில் இறங்கிப் பச்சைமலை அடிவாரத்தை நோக்கி மாட்டுவண்டியில் போக வேண்டும். வண்டித்தடம் முடிந்த பிறகு காட்டு நடை. மூங்கிலும் உசிலையும் முள்ளும் அடர்ந்த சரிவில் ஒரு பெரும்பாறை, குனிந்து எதையோ பார்ப்பதுபோல முன்னே கவிந்து நிற்கும். அதன் அடியில் குகை. குகையின் பின்சுவரில் பாறையிலேயே குடைந்த ஓர் உருவம்: சம்மணமிட்ட கால், மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கைகள், இடத்தோளில் மட்டும் துணியின் மெல்லிய கோடு. புத்தர்தான். குகைக்கு முன்னால் ஒரு காலத்தில் செங்கல் மண்டபம் இருந்திருக்கிறது. இரண்டு தூண்கள் விழுந்து கிடந்தன. முன்சுவர் ஆள் மார்பளவு நின்றது. அந்தச் செங்கற்கள் இன்றைய செங்கல்லைப்போல இரண்டு மடங்கு. மண்சாந்தில் அடுக்கியவை, கையால் அசைத்தால் மேல் வரிசைகள் ஆடும்.

எங்கள் ஆபீஸ் பதிவில் அது ‘பௌத்தக் குகைக்கோயில் இடிபாடு’. அடிவாரத்து ஊருக்கு அவர் ‘உக்காந்த சாமி’. அவருக்கு வேட்டி கட்டுவார்கள், திருநீறு பூசுவார்கள். பங்குனி மூன்றாம் வெள்ளியன்று ஊரே திரண்டுவந்து குகைக்குள் அடுப்பு மூட்டிச் சாமைப் பொங்கல் வைக்கும். வீட்டுக்கு ஓர் அடுப்பு. அடுப்புக்குக் கல் கொண்டுவரமாட்டார்கள். மண்டபத்திலிருந்து உதிர்ந்து கிடக்கும் பழைய செங்கற்களைத்தான் கூட்டுவார்கள். அது எங்கள் விதிக்கு விரோதம். விழா முடிந்ததும் எடுத்த இடத்திலேயே போட்டுவிடுகிறார்கள் என்பதால் எங்களுக்கு முன்பிருந்தவர்களும் நாங்களும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

அந்தக் குகைக்கு வந்த ஆபத்து எங்கள் இலாகாவே வரவழைத்தது. பாறையின் தலையில் ஆல் இனத்து இச்சி மரம் ஒன்று வேர்விட்டிருந்தது. இடிபாட்டின் மேல் முளைத்த மரத்தை வேரோடு எடுக்க வேண்டும் என்பது விதி. செங்கல் கட்டடத்துக்கு அது சரியான விதி. நான் அந்தப் பகுதிக்கு வருவதற்கு முன்பே, அந்த விதிப்படி மரத்தை வெட்டி வேருக்கு மருந்தும் வைத்துவிட்டார்கள். ஆனால் இங்கே வேர் இறங்கியிருந்தது பாறையின் விரிசலுக்குள். பச்சை வேர் இறுக்கிப் பிடித்திருந்த இடம், வேர் காய்ந்து சுருங்கியதும் இளகத் தொடங்கியது. குகை வாசலுக்கு மேலே நீண்டு நின்ற பாறைத்தகடு தாய்ப்பாறையோடு சேரும் இடத்தில் அந்த விரிசல் ஓடியது.

விரிசல் வளர்கிறதா, அப்படியே நிற்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. மெல்லிய கண்ணாடிப் பட்டையை விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனைகளையும் இரண்டு பக்கத்துப் பாறையிலும் சிமெண்டால் ஒட்டிவிடுவோம். பாறை மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி உடையும். எங்கள் ஆபீசில் அதைச் சாட்சிக் கண்ணாடி என்போம். மார்கழியில் நானே மூன்று சாட்சிகளை ஒட்டிவிட்டு வந்தேன். இரண்டு மேலே, ஏணி வைத்து எட்டும் உயரத்தில். ஒன்று கீழே, விரிசல் இறங்கி முடியும் இடத்தில், ஆள் எட்டும் உயரத்தில். திருவிழாவுக்கு முன் அவற்றைப் பார்த்துவிடலாம் என்றுதான் அந்த வியாழக்கிழமை போனோம்.

கீழே இருந்த கண்ணாடி உடைந்திருந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது குகைக்குள் பூசாரி சின்னம்மாள் சாணம் போட்டு மெழுகிக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். அண்ணன் தம்பி இல்லாத வீடு. அப்பாவுக்குப் பிறகு பூசை அவரிடம் வந்துவிட்டது. சாமி உருவத்தை வேறு யாரும் தொடக்கூடாது. என்னைக் கண்டதும் கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தார்.

“வாங்கய்யா. ஒங்க கண்ணாடி ஒடஞ்சி கெடக்கு. மொதல்லயே சொல்லிடறேன், நான் தொடலை.”

“எப்ப உடைஞ்சுதும்மா?”

“போன வெள்ளிக்கெழம வெளக்கு வைக்கையில நல்லாத்தான் இருந்துச்சி. இன்னைக்கு வந்து பாக்குறேன், ரெண்டா இருக்கு. கொரங்கா, ஆட்டுக்காரன் கம்பான்னு உக்காந்த சாமியத்தான் கேக்கணும்.”

நான் அருளப்பனைப் பார்த்தேன். அவர் உடைந்த இடத்தில் விரல் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார்.

“நடுவுல ஒரே கோடா உடைஞ்சிருக்கு சார். கல்லால அடிச்சிருந்தா நொறுங்கியிருக்கும்.”

“குரங்கு பிடிச்சு இழுத்தா?”

“இழுத்தாலும் இப்படித்தான் உடையும்.”

“ரெண்டில் எது அருளப்பன்?”

“நான் கொத்தனார் சார், சோசியக்காரன் இல்ல.”

ஏணி வைத்து மேலே ஏறிப் பார்த்தேன். மற்ற இரண்டு கண்ணாடிகளும் முழுசாக இருந்தன. இரண்டு சாட்சி ஒன்று சொல்கிறது, ஒரு சாட்சி வேறொன்று சொல்கிறது. விரிசலுக்குள் ஊசி நுனி போகிறதா என்று பார்த்தேன், போயிற்று. மார்கழியிலும் போயிற்று. அதற்கு மேல் அந்த விரிசலிடம் கேட்க என்னிடம் கேள்வி இல்லை.

ஆனால் மறுநாள் நடக்கப்போவது எனக்குத் தெரியும். குகைக்குள் வீட்டுக்கொரு அடுப்பு எரியும். காலையிலிருந்து பிற்பகல்வரை அந்தச் சூடு பாறைத்தகட்டின் அடியில் ஏறிக்கொண்டே இருக்கும். பல தலைமுறைப் புகை அங்கே கறுப்பாகப் படிந்திருந்தது. முன்பெல்லாம் வேர் பிடித்திருந்தது. இப்போது வேர் இல்லை. சூட்டில் கல் விரியும், ஆறும்போது சுருங்கும். தகட்டின் அடியில் பெண்களும் பிள்ளைகளும் உட்கார்ந்திருப்பார்கள்.

எங்கள் இன்ஜினியர் புதுக்கோட்டைப் பக்கம் முகாமில் இருந்தார். வெள்ளி இரவுதான் திரும்புவார். தாசில்தாரைப் பார்க்கத் துறையூர் போகலாம். ஆனால் எங்கள் ஆபீஸ் கடிதம் இல்லாமல் அவர் என்ன உத்தரவு போடுவார்? ஒரு தாளில் நடந்ததை எழுதி, திரும்பிப் போகும் வண்டிக்காரரிடம் கொடுத்தேன். உப்பிலியபுரத்தில் பஸ் கண்டக்டரிடம் சேர்த்து எங்கள் ஆபீசுக்குக் கொடுத்தனுப்பச் சொன்னேன். அது இன்ஜினியர் கைக்குப் போகும்போது திருவிழா முடிந்திருக்கும்.

“தாசில்தார் உத்தரவுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க சார். யாரு கேக்கப் போறா?” என்றார் அருளப்பன், தாழ்ந்த குரலில்.

என் நாக்கு நுனிவரை அது வந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எங்கள் இன்ஜினியர் ஒருமுறை, வேறொரு ஊரில், வேறொரு சண்டையின் நடுவில் சொல்லியிருந்தார்: “இல்லாத உத்தரவை ஒரு தடவை காட்டினா, அடுத்த தடவை இருக்கற உத்தரவையும் நம்ப மாட்டான்.” அந்த ஊருக்கு நான் இன்னும் பல வருஷம் போயாக வேண்டியவன். பாறையும் அங்கேதான் இருக்கப் போகிறது.

அதற்குள் விறகுக் கட்டுகளோடு ஆட்கள் வந்தார்கள். முன்னால் ஊர் மணியக்காரர். நல்ல உயரம், வெள்ளைத் துண்டு, எதற்கும் சிரிப்பு. நான் விஷயத்தைச் சொன்னேன். நாளைக்கு உள்ளே அடுப்பு வேண்டாம், ஜனங்களும் உள்ளே உட்கார வேண்டாம் என்றேன். சிரிப்பு நின்றது.

“பாறை விழுந்துடும்ங்கறீங்களா?”

“விழலாம்.”

“விழலாம்னா? விழுமா, விழாதா?”

“தெரியாது.”

“தெரியாததுக்கு எதுக்குங்க சம்பளம்?” என்றார். விறகுக்காரர்கள் சிரித்தார்கள். “மரத்த வெட்டுனது நீங்க. நல்லாருந்த மரம், நெழலாவது இருந்துச்சி. வெட்டாதீங்கன்னு கெஞ்சுனோம். இது சர்க்கார் வேலைன்னீங்க. இப்ப வந்து பாறை நிக்காதுங்கறீங்க. அடுத்தது என்ன, சாமிய மெட்ராஸுக்குத் தூக்கிட்டுப் போறதா?”

“சாமி பாறையோட பாறையா இருக்கார். அவரை யாரும் தூக்க முடியாது.”

“நீங்க ஸ்ரீரங்கம். ஒங்க பெருமாளுக்கு நூறு மண்டபம் இருக்கு. எங்க ஆளுக்கு இந்த ஒரு கூரைதான். அதையும் விட்டு வெளிய போன்னா எப்படி?”

அந்தக் கேள்வி என்னைத் தொட்டது. எங்கள் தெருவில் யாராவது ஓவர்சீர் வந்து, இந்த வருஷம் ஏகாதசிக்கு உள்ளே போகாதே என்று சொன்னால் என் தகப்பனார் என்ன பதில் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். 

சின்னம்மாள்தான் பேசினார். “இருங்க மாமா. நான் ஒண்ணு கேக்குறேன்.” என்னிடம் திரும்பினார். “ஓவர்சீரய்யா, நாளைக்கு அந்த அடுப்புங்க நடுவுல நீங்க உக்காருவீங்களா?”

“மாட்டேன்.”

“ஒங்க பிள்ளைகளை உக்கார வைப்பீங்களா?”

“மாட்டேன்மா.”

யாரும் சிரிக்கவில்லை. அவர் குகைக்குள் திரும்பிப் பார்த்தார். பிறகு மணியக்காரரைப் பார்த்தார்.

“போதும் மாமா. அவரு பிள்ளை உக்காராத எடத்துல எம் பேத்தி எதுக்கு உக்காரணும்?”

இது முடிவு என்று நினைத்தேன். ஆனால் சிக்கல் அப்போதுதான் தொடங்கியது. வெளியே சுவருக்கு அப்பால் ஒரு பாறைத்தளம் இருந்தது. ஊரே உட்காரலாம். அங்கே பொங்கலாமே என்றேன். சின்னம்மாள் தலையை ஆட்டினார்.

“ஆகாதுங்க. உக்காந்த சாமி எந்திரிச்சி வந்து பாக்க மாட்டாரு. அவரு பார்வை அடுப்பு மேல விழணும். பார்வை படாம பொங்குனா அது பொங்கல் இல்ல, சோறு. சோறு திங்க இவ்வளவு தூரம் ஏன் வரணும்?”

“அங்கேயிருந்து சாமி தெரியுமே?”

“நின்னா நெத்தி தெரியும்,” என்றார் மணியக்காரர். “உக்காந்து அடுப்பு ஊதறப்ப செவுருதான் தெரியும். எனக்குச் சாமி தெரியலேன்னா சாமிக்கு எப்படி நான் தெரிவேன்?”

நியாயமான கேள்வி. அதற்கு வாயால் பதில் சொல்வதைவிட அளந்து பார்ப்பது நல்லது என்று தோன்றியது. என் பையில் மட்டம் பார்க்கும் நூல்கண்டு இருந்தது. அதை எடுத்துச் சின்னம்மாளிடம் கொடுத்தேன். அவர் சாமியின் கண்ணருகே நூலின் நுனியைப் பிடித்துக்கொண்டார். அருளப்பன் கண்டோடு வெளியே நடந்தார். நூல் நேராகக் குகை வாசலைத் தாண்டி, முன்சுவரின் உச்சியை உரசிக்கொண்டு போயிற்று. பாறைத்தளத்தை அது தொடவே இல்லை. தளத்துக்கு மேலே ஆள் உயரத்தில் ஓடி, அப்பால் மூங்கில் புதருக்குள் புகுந்தது.

“பாத்தீங்களா?” என்றார் மணியக்காரர். “எங்க சாமி மூங்கிலத்தான் பாக்குறாரு.”

அருளப்பன் நூலைத் தளத்தின் மேல் அழுத்திக் காட்டினார். நூல் சுவரில் மடங்கியது. மடங்கிய இடத்தில் சுவரின் மேல் செங்கல் வரிசைகள் சில இல்லாவிட்டால் பார்வை நேராக இறங்கி அடுப்பில் விழும். அதை அங்கிருந்த எல்லோரும் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

உங்களுக்கு இது புரிய வேண்டும். எழுத்து மூலமான உத்தரவு இல்லாமல் ஒரு செங்கல்லைக்கூட நகர்த்தக்கூடாது என்பதுதான் நம் வேலையின் முதல் பாடம். அது வெறும் காகித விதி அல்ல. நான் அதை நம்புகிறவன். ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஒரு கை வைத்த இடத்தில் இருக்கும் செங்கல், தான் இருக்கும் இடத்தால்தான் பேசுகிறது. எடுத்துவிட்டால் அது வெறும் சுட்ட மண். மழையில் விழுந்தால் அது மழையின் செயல். நான் எடுத்தால் அது என் செயல். அந்தச் சுவரைக் காப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். மணியக்காரர் கேட்ட சம்பளம்.

மறுபக்கம், உடைந்த ஒரு கண்ணாடி. அதுவும் குரங்கு உடைத்ததாக இருக்கலாம்.

வெயில் மூங்கிலுக்கு மேல் இறங்கியிருந்தது. வெளிச்சம் இருக்கும்போதே செய்தால்தான் உண்டு. நான் நினைத்தது இவ்வளவுதான்: செங்கல்லை எடுத்தது தவறு என்று பிறகு தெரிந்தால், அதைத் திரும்ப வைக்க ஒரு வழி தேடலாம். பாறையை நம்பியது தவறு என்று தெரிந்தால் தேடுவதற்கு எதுவும் இருக்காது.

“அருளப்பன், சாக்பீஸ் இருக்கா?”

“இருக்கு சார்.” அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். “மெமோ வரும் சார்.”

“வரட்டும்.”

சுவரை முதலில் படமாக வரைந்துகொண்டேன். ஒவ்வொரு செங்கல்லுக்கும் வரிசை எண்ணும் இட எண்ணும் சாக்பீஸால் எழுதினோம். பாறை விழுந்தாலும் எட்டாத தூரத்தில் சுவர் இருந்தது நல்லதாயிற்று. ஊர்க்காரர்கள் கை கொடுக்க வந்தார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தப்பு நடந்தால் அது எங்கள் இருவரின் கையோடு இருக்கட்டும். எடுத்த வரிசையிலேயே செங்கற்களைத் தரையில் பரப்பிப் பனையோலை போட்டு மூடினோம். சில செங்கற்களின் அடியில், ஈரமாக இருந்தபோது அழுத்திய விரல்தடம் இருந்தது. அருளப்பன் தன் விரலை அதில் வைத்துப் பார்த்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

முடித்துவிட்டு மறுபடியும் நூல் பிடித்தோம். கண்ணிலிருந்து புறப்பட்ட நூல், தாழ்ந்த சுவருக்கு மேலாகப் பாறைத்தளத்தின் நடுவில் இறங்கியது. மணியக்காரர் அந்த இடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து குகையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“முழு முகம் தெரியுது சின்னம்மா,” என்றார். குரலில் கேலி இல்லை.

“அப்ப அவருக்கும் நீங்க தெரியறீங்க. போயி விறக எறக்குங்க.”

வெள்ளிக்கிழமை குகை வாசலில் கயிறு கட்டினேன். சின்னம்மாள் மட்டும் உள்ளே போனார். விளக்கேற்றி, அந்த நெருப்பை ஒரு சட்டியில் எடுத்துவந்து முதல் அடுப்பில் வைத்தார். அங்கிருந்து எல்லா அடுப்புக்கும் நெருப்புப் போயிற்று. அவரையும் போகவேண்டாம் என்று கேட்டுப் பார்த்தேன். “நான் கும்பல் இல்லீங்க, பூசாரி,” என்றார். அவர் உள்ளே இருந்த நேரம் முழுவதும் நான் மேலே இருந்த இரண்டு கண்ணாடிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பங்குனி வெயில். குகைக்குள் இருந்த குளிர்ச்சி தளத்தில் இல்லை. நடுப்பகலுக்குள் பாறை காலைச் சுட்டது. பிள்ளைகள் அழுதார்கள். பெண்கள் என் காதுபடவே என்னைத் திட்டினார்கள். பொங்கல் பொங்கி வரும் சமயத்தில் மணியக்காரரின் தாயார் மயங்கி விழுந்தார். வயதானவர், காலையிலிருந்து விரதம். மணியக்காரர் தாயைக் கைகளில் தூக்கிக்கொண்டு நேரே கயிற்றிடம் வந்தார்.

“அவுருங்க.”

“உள்ளே வேண்டாம். சரிவுக்குக் கீழே மூங்கிலடியில் நிழல் இருக்கு.”

“அவ்வளவு தூரம் எறக்கறதுக்குள்ள போயிடுவா. எங்கம்மா சாகுறாய்யா! கண்ணு முன்னால நெழல வச்சிக்கிட்டுக் கயிறா கட்டுற?”

அந்த நிமிஷத்தை நான் இன்றும் சுலபமாக நினைப்பதில்லை. கண்முன் இருப்பது நிஜமான ஓர் உயிர். தலைக்கு மேல் இருப்பது ஒரு சந்தேகம். ஒருவரை மட்டும் சற்று நேரம் உள்ளே விடலாம் என்று தோன்றியது. ஆனால் அவருக்குப் பின்னால் ஊரே நகர்ந்து வந்துகொண்டிருந்தது. கயிறு ஒரு முறை அவிழ்ந்தால் அந்த வெயிலில் யாரும் வெளியே நிற்கப் போவதில்லை. நான் கயிற்றை அவிழ்க்கவில்லை.  என் மேல்துண்டை உதறி, வெயில் படாமல் அந்த அம்மாளின் முகத்துக்கு மேலே பிடித்தேன். அருளப்பன் தன் வேட்டியை அவிழ்த்து அரைக்கால் சட்டையோடு நின்று மறுமுனையில் பிடித்தார். அதைப் பார்த்து நாலைந்து பேர் தங்கள் வேட்டிகளை நீட்டினார்கள். கயிற்றுக்கு வெளியிலேயே ஒரு பந்தல் உண்டாயிற்று. சின்னம்மாள் சாமியின் குடத்துத் தண்ணீரைக் கொண்டுவந்து அந்த அம்மாளின் தலையில் ஊற்றினார்.

கொஞ்ச நேரத்தில் கண் திறந்தது. மேலே விரிந்த வேட்டிகளையும், சுற்றி நின்றவர்களின் கோலத்தையும் பார்த்தார்.

“ஏண்டா, துணியில்லாம நிக்கறீங்க? சாமி பாக்குதுடா!” என்றார்.

சிரிப்பு எழுந்தது. மணியக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. தாயின் காலருகே உட்கார்ந்து அழுதார். மாலையில் எல்லோரும் இறங்கும்போது என்னைக் கடந்து போனவர், நின்று பாறையை அண்ணாந்து பார்த்தார்.

“விழலியே ஓவர்சீரய்யா.”

“விழலை,” என்றேன்.

பாறை விழவில்லை. உங்களில் சிலர் விழுந்திருக்கும் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அன்றும் விழவில்லை, அதற்குப் பிறகும் விழவில்லை. அந்த ஆண்டு ஐப்பசி மழைக்கு முன்பே தகட்டின் கீழே கருங்கல்லால் ஒரு தாங்குதூண் கட்டிவிட்டோம். இனி அது விழவும் விழாது. ஆகவே அந்த வெள்ளிக்கிழமை குகைக்குள் அடுப்புகள் எரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. கண்ணாடியை உடைத்தது பாறையா குரங்கா என்பதும் தெரியாது. நம் வேலையில் தடுத்த விபத்துக்கு அடையாளம் எதுவும் மிஞ்சாது. மிஞ்சுவதெல்லாம் அன்று வெயிலில் மயங்கியவரின் முகமும், எடுத்த செங்கற்களும்தான். நீங்கள் செய்தது சரி என்று பின்னால் வந்து நிரூபிக்க ஒன்றும் இல்லாதபோதும், அதே முடிவை மறுபடி எடுப்பேன் என்று சொல்ல முடிகிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். நான் அந்தக் கேள்வியைப் பலமுறை கேட்டுக்கொண்டேன். கயிற்றைப் பொறுத்தவரை மட்டும் பதில் தாமதமாகவே வரும்.

மெமோ வந்தது. உத்தரவில்லாமல் புராதனச் சுவரைக் கலைத்ததற்கு விளக்கம் கேட்டு, எங்கள் இன்ஜினியரே கையெழுத்திட்டிருந்தார். அதைக் கையில் கொடுத்துவிட்டு, “நீங்க செஞ்சது சரி. இந்த மெமோவும் சரி,” என்றார். எனக்கு அதில் வருத்தமில்லை. செங்கல்லை எடுத்தவன் பதில் சொல்லத்தான் வேண்டும். அப்போதுதான் அடுத்தவன் எடுக்கும்முன் யோசிப்பான்.

ஆனால் அவரை நான் நினைத்துக்கொள்வது மெமோவுக்காக அல்ல, அதற்கு முந்திய ஒரு காலைக்காக.

வெள்ளி இரவு முகாமிலிருந்து திரும்பியவர் என் கடிதத்தைப் பார்த்துவிட்டு, விடியுமுன் ஜீப்பில் புறப்பட்டிருக்கிறார். சனிக்கிழமை சூரியன் ஏறும் நேரத்தில் காட்டுப் பாதையில் நடந்து வந்தார். நானும் அருளப்பனும் பனையோலையை விலக்கிக்கொண்டிருந்தோம். தரையில் எண்ணெழுதிய செங்கற்கள், தாழ்ந்து நின்ற சுவர், தளத்தில் சாம்பலோடு கிடந்த அடுப்புகள், வாசலில் கயிறு. எல்லாவற்றையும் அவர் நின்று பார்த்தார். குகைக்குள் சின்னம்மாள் விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தார்.

“முதல்ல என்ன செய்யப் போறீங்க?” என்று கேட்டார் இன்ஜினியர்.

“செங்கலைத் திரும்ப அடுக்கணும் சார். இதோ, முதல் வரிசையிலேர்ந்து...”

“கண்ணாடி?”

 கலைத்த சுவரைச் சரிசெய்துவிட வேண்டும் என்ற பதைப்பில், உடைந்த சாட்சி உடைந்தபடியே இருப்பதை மறந்திருந்தேன். மேலே பாறை நகர்ந்தால் இப்போது கீழே சொல்ல யாரும் இல்லை.

“சுவர் எங்கேயும் போகாது,” என்றார். “அது இப்படியே கிடக்கட்டும்.”

அந்தச் செங்கற்கள் பிறகு ஏறவே இல்லை. எண்களோடு பக்கத்திலேயே அடுக்கி, வரைபடத்தில் சேர்த்தோம். ஊர் இப்போதும் தளத்தில்தான் பொங்குகிறது.

அருளப்பன் சிமெண்டைக் குழைத்தார். நான் புதுக் கண்ணாடிப் பட்டையை எடுத்துக்கொண்டு கயிற்றைத் தாண்டிப் பாறையின் கீழே போனேன். சின்னம்மாள் விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்து விரிசலருகே காட்டினார்.

“நடுவுல உக்கார மாட்டேன்னீங்க?”

“உக்காரலையேம்மா. வேலை செய்யறேன்.”

“அதைத்தான் நேத்து நானும் சொன்னேன்,” என்றார். விளக்கை இன்னும் சற்று உயர்த்திப் பிடித்தார்.

பழைய சிமெண்டைச் சுரண்டி எடுத்தேன். புதுக் கண்ணாடியைக் குறுக்கே வைத்து, இரண்டு பக்கமும் பூசினேன். அது இறுகும்வரை இரண்டு விரல்களால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.